கார் கூரைத் துணியில் படிந்த எண்ணெய்க் கறையை எடுப்பது எப்படி

எங்கள் வீட்டுக் காரின் இடப்பக்கப் பின்கதவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தால், விளிம்பை ஒட்டிக் கூரைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு தெரியும். அம்மா ஏறி இறங்கும் பக்கம் அது. அம்மா குனிந்து உள்ளே நுழையும்போது கொண்டை அந்த இடத்தில்தான் உரசும். தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாருகிறவர். மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிய எண்ணெய், அதன் மேல் தெருத் தூசி, இரண்டும் சேர்ந்து அந்தத் திட்டு. ஒருநாள் அம்மாவே நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இது என்னடா, நான் பண்ணினதா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நம் ஊர்க் கார்களில் இந்தக் கறை சாதாரணம். தலை எண்ணெய் முதல் காரணம். முறுக்கும் பஜ்ஜியும் தின்ற கையோடு சீட்டில் ஏறி நிற்கும் குழந்தைகள் அடுத்தது. பின்சீட்டை மடக்கிவிட்டு சைக்கிளைப் படுக்கவைத்து ஏற்றினால் செயின் கிரீஸ் கூரையில் ஒரு கோடு போட்டுவிடும். உள்விளக்கை மாற்றுகிறவர், கேமரா ஒயரைச் செருகுகிறவர் கைரேகைகளும் உண்டு. எல்லாவற்றையும் எடுக்கலாம். எடுக்கிற விதம்தான் முக்கியம்.

சீட்டைத் துடைப்பது போல இதைத் துடைக்கக் கூடாது. காரணம் துணிக்குப் பின்னால் இருக்கிறது.

கூரையில் நாம் தொடுவது மெல்லிய பாலியெஸ்டர் துணி. அதன் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு ஃபோம் படலம். இரண்டும் சேர்ந்து, கூரையின் வடிவத்துக்கு அழுத்தி வார்த்த ஒரு கெட்டியான அட்டையில் பசையால் ஒட்டியிருக்கின்றன. ஆணி, தையல் எதுவும் கிடையாது. அத்தனை பெரிய துணியும் தலைகீழாகத் தொங்காமல் நிற்பது அந்தப் பசையை நம்பித்தான். தண்ணீர் ஊறினால் பசை இளகும், பெட்ரோல் பட்டால் கரையும், வெயிலில் சூடேறினால் பிடி தளரும். ஆக, நாம் பாதுகாக்க வேண்டியது பின்னால் இருக்கும் பசையைத்தான். துணி பாலியெஸ்டர், அது லேசில் கெடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேறொரு கறைக்காக முதல் தடவை ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை நிரப்பி, கூரையைப் பார்த்து நன்றாக அடித்து, துணி துவைக்கும் பிரஷால் தேய்த்தேன். கறை போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வெயிலில் நின்ற காரைத் திறந்தால், தேய்த்த இடத்தில் துணி பூரி மாதிரி உப்பித் தொங்கியது. அதை மறுபடி ஒட்டவைக்க முடியவில்லை. குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து, கூரையைக் கழற்றித் துணியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

முதலில் அது எண்ணெய்தானா என்று பாருங்கள்

ஒரு டிஷ்யூ பேப்பரைக் கறையின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கைச் சூடு பட வேண்டும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பஜ்ஜி மடித்த காகிதம் போல அங்கங்கே கண்ணாடியாகத் தெரிகிறதா? அப்படியென்றால் எண்ணெய், இன்னும் வெளியே வரும் நிலையில் இருக்கிறது. பேப்பரில் ஒன்றும் ஒட்டவில்லை, ஆனால் துணியில் கருப்பாக இருக்கிறது என்றால் பழைய எண்ணெயில் தூசி இறுகியிருக்கிறது.

இன்னொரு வகை உண்டு. முன்கண்ணாடி ஓரத்திலோ, சன்ரூஃபைச் சுற்றியோ, ஓரம் அடர்ந்து நடு வெளுத்து, வரைபடம் மாதிரி இருக்கும் பழுப்புக் கறை. அது எண்ணெய் இல்லை, மழைத் தண்ணீர் உள்ளே கசிந்த தடம். கசிவை அடைக்காமல் அதைத் துடைத்துப் பயனில்லை. அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும்.

கூரை ரெக்சின் போர்த்தியதாக இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை, சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். இந்தக் கட்டுரை துணிக் கூரைக்கு.

என்னென்ன வேண்டும்

பழைய வெள்ளை வேட்டி ஒன்று. இதைவிட நல்ல துணியை நான் பார்த்ததில்லை. பல வருடம் துவைத்த வேட்டி மென்மையாக இருக்கும், பஞ்சு உதிராது, சாயம் போகாது, கறை எவ்வளவு வந்திருக்கிறது என்று வெள்ளையில் பளிச்சென்று தெரியும். கரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கைக்குட்டை அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணி இருந்தாலும் சரி, ஆனால் வெள்ளை அல்லது மிக வெளிர் நிறமாக இருக்கட்டும். சிவப்பு, நீலத் துணியின் சாயம் கூரையில் ஏறினால் புதிதாக ஒரு கறை.

அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அது முழுதாகக் கரையாமல் துணிக்குள் தங்கும், அலசி எடுக்கவும் முடியாது. குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷ், ஒரு ஸ்பாஞ்ச், இரண்டு கிண்ணம், டிஷ்யூ பேப்பர், சோள மாவு அல்லது முகத்துக்குப் போடும் பவுடர், தூசி உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் அது. பிடிவாதக் கறைக்காக மருந்துக் கடையில் நிறமில்லாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம், சின்ன பாட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் போக, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்கிறோம், சொட்டு நேராகக் கண்ணில்தான் விழும்.

நேரமும் இடமும்

காலையில், நிழலில். வெயிலில் நின்று தகரம் கொதிக்கும் காரில் ஆரம்பிக்காதீர்கள். பசை ஏற்கெனவே இளகியிருக்கும். நீங்கள் வைக்கிற ஈரமும் ஒற்றி எடுப்பதற்குள் காய்ந்து வளையம் போட்டுவிடும். மழைநாளும் வேண்டாம், காயாது.

நான்கு கதவையும் திறந்து வையுங்கள். உள்விளக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். கதவு பல மணி நேரம் திறந்திருக்கும்போது அது எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கி, சாயங்காலம் வண்டி கிளம்பாது. சீட்டின் மேல் ஒரு பெட்ஷீட்டை விரியுங்கள்.

நின்றுகொண்டு, உடம்பை வளைத்து, கழுத்தைப் பின்னால் தள்ளி வேலை செய்தால் பத்தே நிமிடத்தில் தோள் கடுக்கும். கை கடுத்தால் பொறுமை போகும், பொறுமை போனால் அழுத்தித் தேய்க்க ஆரம்பிப்போம். அதனால் முன்சீட்டைப் பின்னால் முழுதாகச் சாய்த்து, அதில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கூரை முகத்துக்கு நேரே இருக்கும். கறையின் எல்லை, துணியின் இழை ஓடும் திசை எல்லாம் தெளிவாகத் தெரியும்.

கதவுக்கு மேலே இருக்கும் ஓரங்களில் கொஞ்சம் கவனம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அது கூரைத் துணிக்குப் பின்னால், கதவுகளின் மேல்விளிம்பு நெடுக மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே கூரையைப் பிடித்து இழுக்கவோ, இடுக்கில் எதையும் செருகவோ கூடாது. உள்விளக்கு, அதன் பக்கத்தில் போன் பேசுவதற்கான மைக் துளைகள், இவற்றைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த துணியால் மட்டும் ஒற்றுங்கள்.

இனி வேலை

முதலில் சோதனை. வெயில் மறைப்புப் பலகையை இறக்கினால் அதன் பின்னால் மறைந்திருக்கும் கூரைத் துணி தெரியும். நீங்கள் பயன்படுத்தப் போகும் ஒவ்வொன்றையும் அங்கே ஒரு ரூபாய் காசு அளவுக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் காயட்டும். நிறம் மாறவில்லை, துணி உப்பவில்லை, இழை முறுக்கிக்கொள்ளவில்லை என்றால் தொடரலாம்.

அடுத்து தூசி. வாக்குவத்தின் மென்மையான பிரஷ் முனையால், அழுத்தாமல், கறையையும் அதைச் சுற்றி ஒரு முழம் வரையும் உறிஞ்சி எடுங்கள். தூசி இருக்கும்போது ஈரம் வைத்தால் சேறாகிவிடும்.

இப்போது உலர்ந்த நிலையிலேயே எவ்வளவு எண்ணெய் வருமோ அவ்வளவையும் எடுக்க வேண்டும். டிஷ்யூவை நான்காக மடித்து, கறை மேல் வைத்து, கையால் அழுத்திப் பிடியுங்கள். எடுத்துப் பார்த்து, புது டிஷ்யூ. பேப்பரில் கண்ணாடித் திட்டு விழாத வரைக்கும் இதையே செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. ஏசி போட்டு வந்து நிறுத்திய காரில் கறை மெழுகு மாதிரி இறுகியிருக்கும், டிஷ்யூவில் ஒட்டாது. ஏசியை அணைத்து அரை மணி நேரம் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் அழுத்தினால்தான் இளகி வரும். வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் கறை மாதா மாதம் பெரிதாவதும் இதனால்தான். உருகி, இழை வழியாகப் பரவுகிறது.

எண்ணெய் புதிது என்றால் ஒரு பவுடர் படியும் உதவும். கூரையில் பவுடரைத் தூவ முடியாது, எல்லாம் நம் மேலேயே கொட்டும். பவுடர் பஃப்பில் அல்லது பஞ்சில் சோள மாவை நிறைய எடுத்து, கறையில் ஒற்றி ஒற்றி அப்புங்கள். இருபது நிமிடம் விட்டு வாக்குவத்தால் உறிஞ்சிவிடுங்கள். கருப்பு, அடர் சாம்பல் நிறக் கூரை என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். இழைக்குள் வெள்ளையாகத் தங்கினால் அதை எடுப்பது தனி வேலை.

இனிதான் சோப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் லிக்விட். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் போகும் என்று தோன்றும். அப்படி இல்லை, அலச முடியாத இடத்தில் மிஞ்சும் சோப்பு பிசுபிசுப்பாகத் தங்கி, அடுத்த மாதத் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். ஸ்பாஞ்சைக் கிண்ணத்துக்குள் அமுக்கி அமுக்கி விடுங்கள், மேலே நுரை திரளும். நமக்கு வேண்டியது அந்த நுரை மட்டும். தண்ணீரைத் தொடாமல், மேல் நுரையைப் பிரஷ் நுனியில் அள்ளுங்கள். நுரையில் சோப்பு இருக்கிறது, காற்று இருக்கிறது, தண்ணீர் மிகக் கொஞ்சம். அது துணியோடு நின்றுவிடும், பசை வரைக்கும் போகாது.

கறையின் வெளி விளிம்பில் ஆரம்பித்து உள்நோக்கி வாருங்கள். நடுவில் ஆரம்பித்தால் எண்ணெயை நீங்களே வெளியே தள்ளுவீர்கள். பிரஷை இழையின் திசையில், குழந்தையின் ஈறைத் தேய்ப்பது போல, கனமே இல்லாமல் ஓட்டுங்கள். ஒரு கையகல இடம் முடிந்ததும் நிறுத்தி, உலர்ந்த வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். துண்டைத் திருப்பிப் பாருங்கள். முதல் இரண்டு தடவை டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி பழுப்பாக வரும். மூன்றாவது தடவை மஞ்சள். அப்புறம் லேசான மங்கல். ஒவ்வொரு ஒற்றுக்கும் துண்டின் சுத்தமான பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயைத் திரும்பவும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

நுரை, ஒற்று, நுரை, ஒற்று. நான்கைந்து சுற்றோடு நிறுத்துங்கள், முழுதாகப் போகாவிட்டாலும். கூரையைத் தொட்டால் குளிர்ச்சி தெரியலாம், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அன்றைய வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். ஒரே நாளில் முடிக்க நினைத்துத்தான் கூரைகள் தொங்குகின்றன.

சோப்பை எடுக்க, இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர். வேட்டித் துண்டை நனைத்து, இனிமேல் சொட்டே வராது என்கிற அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, ஒற்றுங்கள். உடனே உலர்ந்த துண்டால் ஒருமுறை. இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் வழுவழுப்பு போய்விடும்.

வளையம் விழாமல் இருக்க

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் கலங்குவது இங்கேதான். கறை போயிருக்கும், ஆனால் காய்ந்தபின் அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியும். ஈரம் பரவும்போது துணியில் இருக்கும் நுண்ணிய அழுக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போய், தான் காயும் விளிம்பில் இறக்கிவிடுகிறது. கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்தால் இது நடக்கும். அதனால் கடைசிச் சுற்றில், நுரையைக் கறைக்கு வெளியேயும் ஒரு முழம் வரை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் ஈரத் துணியால் ஒற்றி முடியுங்கள். எல்லை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. பக்கத்தில் விளக்கு, கைப்பிடி, தையல் கோடு என்று ஏதாவது இருந்தால் அதுவரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவது இன்னும் நல்லது. வளையம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? அதே நுரையை வளையத்தின் இரண்டு பக்கமும் லேசாக வைத்து ஒற்றுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

காயவைப்பது

நிழலில், கதவு திறந்து, வீட்டு டேபிள் ஃபேனை வாசலில் வைத்துக் காற்று உள்ளே போகும்படி மூன்று நான்கு மணி நேரம். ஹேர் டிரையரின் சூடான காற்று வேண்டாம், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். காய்ந்தது என்று தோன்றினாலும் அன்று ராத்திரி பாதுகாப்பான இடமாக இருந்தால் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வையுங்கள். ஈரத்தோடு மூடினால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும்.

துணி காய்ந்ததும் இழை ஒரு பக்கமாகப் படிந்து, அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியலாம். உலர்ந்த பிரஷால் மென்மையாகக் கோதிவிட்டால் சரியாகிவிடும்.

செயின் கிரீஸ் மாதிரி பிடிவாதக் கறைக்கு

இதற்கு நுரை மட்டும் போதாது. கட்டியாக ஒட்டியிருப்பதை முதலில் ஒரு பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால், துணியை அழுத்தாமல், சுரண்டி எடுங்கள். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வேட்டித் துண்டின் நுனியில் தொட்டு, அந்தக் கருப்புக் கோட்டின் மேல் ஐந்தாறு விநாடி வைத்து எடுங்கள். கோடு மெல்லியதாக இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியே போதும். கருப்பு துண்டில் ஏறும். ஒவ்வொரு தொடுதலுக்கும் புது நுனி. கூரையில் நேரடியாக ஊற்றவோ ஸ்ப்ரே செய்யவோ கூடவே கூடாது. ஆல்கஹால் ஃபோமைத் தாண்டினால் பசையைத் தொட்டுவிடும். நான்கைந்து தொடுதலுக்குப் பிறகு அது ஆவியாகப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி தொடருங்கள். கருப்பு மங்கியபின் மேலே சொன்ன நுரை வேலை. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் ஜெல்லும் கிளிசரினும் துணியில் தங்கிவிடும்.

கடையில் கிடைக்கும் துணி ஃபோம் கிளீனர் வாங்கினால் அதுவும் நல்லதுதான். டப்பாவில் கூரையின் மேல் அடிக்கச் சொல்லியிருந்தாலும், பிரஷில் அடித்துக்கொண்டு போடுங்கள்.

தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம் இவற்றை யார் சொன்னாலும் கூரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கறை உடனே மறையும், பசையும் கூடவே போகும். தண்ணீர் ஊற்றி உறிஞ்சும் இயந்திரம், நீராவி இரண்டும் சீட்டுக்கு மட்டும். சர்வீஸ் விடும்போதே “கூரையில் ஸ்டீம் அடிக்க வேண்டாம், தண்ணீர் அடிக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

ஆயுத பூஜைப் புகை

சிலர் காருக்குள்ளேயே கற்பூரத் தட்டைக் காட்டுவார்கள். கற்பூரப் புகை கரியாகக் கூரையில் அப்பிக்கொள்ளும். பார்த்ததும் கையால் துடைக்கத் தோன்றும். தொட்டால் மை தீட்டியது போல இழுத்துக்கொண்டு போகும். வாக்குவத்தின் முனையைத் துணியில் படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்து முதலில் கரியை உறிஞ்சுங்கள். மிச்சம் இருப்பதை உலர்ந்த ஸ்பாஞ்சால் ஒரே திசையில் ஒற்றி எடுங்கள். அதற்கப்புறம்தான் நுரை. ஆரத்தியை பானெட்டுக்கு முன்னால் வெளியே நின்று காட்டினால் கூரைக்கும் நல்லது, தீ பற்றும் பயமும் இல்லை.

ஏற்கெனவே துணி தொங்க ஆரம்பித்திருந்தால் கறையைத் தொடாதீர்கள். ஊசி வழியாகப் பசை ஏற்றுவது, குண்டூசி குத்துவது எதுவும் நிற்காது. பெரும்பாலும் உள்ளே ஃபோம் பொடிந்து மாவாகியிருக்கும், பசை பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. கூரையைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டுவதுதான் வழி. அதைக் குஷன் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் காரா என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அம்மாவின் பக்கத்துத் திட்டை எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு கருப்பு போனது. கறை போய்விட்டது என்று நினைத்தேன். பத்து நாளில் அதே இடத்தில் சாம்பல் நிழல் விழுந்தது. நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் எண்ணெயில் ஒட்டிய தூசியைத்தான். தேங்காய் எண்ணெய்க்கு அவ்வளவாக நிறமில்லை. தூசி போனபின்னும் உள்ளே எண்ணெய் இருந்தால் புதுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நீங்களும் ஒரு வாரம் கழித்து, வெயில் தாழ்ந்தபின், மறுபடி ஒரு டிஷ்யூவை வைத்து ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடித் திட்டு விழுந்தால் இன்னொரு சுற்று. விழாவிட்டால், மாதம் ஒருமுறை உலர்ந்த வேட்டித் துண்டால் அந்த இடத்தை ஒற்றிவிட்டாலே போதும்.